இரண்டரை வயசுப் பிள்ளை, மூணு வேளைச் சமையல், நடுவில் குரோஷே ஓடர்: எப்படிப் பிரிச்சுக்கிறது?

மூடுபனி (தலவாக்கலைப் பக்கம்)

வணக்கம். வீட்டில் நாலு பேர்: அவர், அத்தை, நான், இரண்டரை வயசு மகள். அவர் காலை ஆறரைக்குப் போயிருவார், பகல் சாப்பாடு கட்டிக் குடுக்கணும். அத்தைக்குச் சீனி வருத்தம், முழங்கால் வலியும் இருக்கு. பிள்ளையோட உட்கார்ந்து விளையாடுவாங்க, ஓடிப் பிடிக்க ஏலாது. இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு, பின்பக்கம் விறகடுப்பு, ரைஸ் குக்கர், மூணு லீற்றர் பிரஷர் குக்கர், சின்ன ஃபிரிஜ். குசினியில் இவ்வளவுதான்.

குரோஷேயில் பிள்ளைகள் தொப்பி, சொக்ஸ், சின்ன ஸ்வெட்டர் பின்னி விற்கிறேன். கொக்கியைக் கையில எடுத்தா பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் எழும்ப வேண்டியிருக்கு. சமையலும் இழுபடுது, பின்னலும் இழுபடுது. தெரிஞ்சவங்க சொல்லுங்க:

முதல் நாள் ராத்திரியே எதைச் செஞ்சு வைக்கலாம், எது கெட்டுப்போகும்? கடலை, கௌபி சில நாள் எவ்வளவு அவிச்சாலும் நடுவில் நறுக்குன்னு நிக்குதே, ஏன்? பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது பின்னலை எப்படிக் காப்பாத்துறது? தொப்பி மேல்வட்டம் ஒருநாள் சுருக்கம் சுருக்கமா வருது, இன்னொரு நாள் குழிஞ்சு சின்னதா வருது. தோசை மா பொங்காததையும் சேர்த்துக்குங்க.


குசினிக்கணக்கு (ஹட்டன்)

தங்கச்சி, நடுநடுவே எழும்புறதுதான் எல்லாத்தையும் இழுக்குது. அதனால வேலையை இரண்டாப் பிரிங்க: பாதியில் விட்டுட்டுப் போகக்கூடியது, விடக்கூடாதது. தாளிப்பு, பொரிக்கிறது, ரொட்டி சுடுறது, பால் காய்ச்சுறது இதெல்லாம் விடக்கூடாதது. மரக்கறி வெட்டுறது, மா குழைக்கிறது, அரிசி களையிறது எல்லாம் எந்த நிமிஷமும் விட்டுட்டு எழும்பலாம். முதல் வகையைப் பிள்ளை தூங்கும்போதோ, அவர் வீட்டில் இருக்கும்போதோ வச்சுக்குங்க. இரண்டாவது வகையைப் பிள்ளையைப் பக்கத்தில் வச்சுக்கிட்டே செய்யலாம்.

முதல்ல கடலை. பாதிக் குற்றம் நம்ம இடத்தோடது. ஏறக்குறைய 300 மீற்றர் உயரத்துக்கு ஒரு பாகை வீதம் தண்ணி கொதிக்கிற சூடு குறையும். ஹட்டன் 1,271 மீற்றர், இங்க 96 பாகையை ஒட்டிக் கொதிச்சிரும். நுவரெலியா 1,868 மீற்றர், அங்க 94 வாக்கில். திறந்த பானையில் எவ்வளவு விறகைத் திணிச்சாலும் அதுக்கு மேல சூடு ஏறாது, தண்ணிதான் வத்தும். அதனால கடலை, கௌபிக்கு எப்பவும் பிரஷர் குக்கர். அதிலயும் கீழ்நாட்டுக் கணக்கு செல்லாது. கொழும்பில் 10 நிமிஷம் என்றால் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் 11, நுவரெலியாவில் 12.

மற்றப் பாதி நம்ம கையில். குளிர்ந்த தண்ணியில் கடலை மெதுவாத்தான் ஊறும், எட்டு மணித்தியாலம் காணாது, 12 விடுங்க. மறந்துட்டா கொதிச்ச தண்ணியை ஊத்தி மூடி வைங்க, இரண்டு மூணு மணித்தியாலத்தில் ஊறிரும். ஊறும்போது ஒரு கப் கடலைக்குக் கால் தேக்கரண்டி அப்பச்சோடா போட்டு, பிறகு அந்தத் தண்ணியைக் கொட்டிட்டுப் புதுத் தண்ணி ஊத்தி அவிங்க. சோடா கூடினா தோல் கழண்டு, வாயில் சவர்க்கார ருசி நிக்கும். தக்காளி, புளி, கொறுக்கா எல்லாம் வெந்த பிறகு மட்டும். புளிப்பு முதல்லயே சேர்ந்தா கடலை இளகாது. கடையில் நெடுநாள் கிடந்த கடலையா இருந்தா மேல சொன்ன எதுவும் உதவாது. அதுக்கு அரைச்சு வடை போடுறதுதான் வழி.

உங்க மூணு லீற்றர் குக்கரில் காய்ந்த கடலை ஒன்றரைக் கப்புக்கு மேல போடாதீங்க. பருப்பு வகைக்குத் தண்ணியும் சேர்த்துப் பாதிப் பானைதான் அளவு. நுரை ஏறி மூடியில் உள்ள துவாரத்தை அடைச்சா ஆபத்து. வெந்ததை ஆறவிட்டு ஒருவேளைக்கு ஒரு பையா ஃபிரீஸரில் வைங்க, ஒரு மாசம் வரைக்கும் ருசி கெடாது. கீழ்த்தட்டில் மூணு நாள்.

அடுத்தது வெங்காயத் தாளிப்பு. காலை அவசரத்தில் நேரத்தைத் தின்னுறது இதுதான். அரைக் கிலோ வெங்காயம், ஒரு முழுப் பூண்டு, இரண்டு அங்குலம் இஞ்சி, கறிவேப்பிலை, ரம்பை. நாலு மேசைக்கரண்டி எண்ணெயில் நடுத்தரத் தீயில் 20–25 நிமிஷம், தண்ணி வத்தி நிறம் மாறும் வரைக்கும். மஞ்சள், மிளகாய்த்தூள் போட வேண்டாம், அது கறியில் சேரட்டும். ஒரு கறிக்கு இரண்டு மேசைக்கரண்டி. இது கட்டாயம் ஃபிரிஜ்ஜில் இருக்கணும், மூணு நாலு நாளுக்குள்ள முடிக்கணும். பூண்டு எண்ணெய்க்குள்ள மூழ்கி வெளியில் கிடந்தா, வாடை மாறாமலே நஞ்சாகலாம். குளிர் ஊர்தானே என்று அலுமாரியில் வைக்காதீங்க. இது கையில் இருந்தா போஞ்சிக் கறி 12 நிமிஷம், உருளைக்கிழங்கு 15.

ராத்திரி பாத்திரம் கழுவின கையோட வெட்டி வைக்கக்கூடியவை: கரட், போஞ்சி, நோக்கோல், பீட்ரூட். மூடின டப்பாவில் மூணு நாள் தாங்கும். உருளைக்கிழங்கை வெட்டினா தண்ணியில் மூழ்க வைங்க, மறுநாளே முடிக்கணும். கோவாவை வெட்டாம முழுசா வைங்க. வெட்டின விளிம்பு கறுத்துப்போகும்.

ரொட்டி மா: கோதுமை மா 500 கிராம், உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, வெதுவெதுப்பான தண்ணி 250 மில்லி வரைக்கும். தண்ணியை ஒரேயடியா ஊத்தாதீங்க, மாவுக்கு மா மாறும். ராத்திரி குழைச்சு, எண்ணெய் தடவி உருண்டையா ஃபிரிஜ்ஜில் வைக்கலாம். தேங்காய்ப்பூ சேர்த்த மா மட்டும் வைக்கக்கூடாது, புளிச்சிரும். தேங்காய் ரொட்டி வேணும் என்றால் மறுநாள் சுடுறதுக்கு அரை மணித்தியாலம் முன்னாடி மாவை வெளியில் எடுத்து, ஒரு கப் தேங்காய்ப்பூவைப் பிசைஞ்சு சேர்த்தாப் போதும்.

காலையில் அஞ்சேகாலுக்கு ரைஸ் குக்கரைப் போடுங்க. ஒரு பர்னரில் பருப்பு: மைசூர்ப் பருப்பு ஒரு கப்புக்குத் தண்ணி மூணு கப், மஞ்சள், உள்ளி, அவ்வளவுதான். மற்றதில் தாளிப்பைப் போட்டு மரக்கறி. பருப்பு மசிஞ்சதும் மிளகாய் சேர்க்கிறதுக்கு முன்னாடி பிள்ளையின் பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்து வைங்க. தனிச் சமையல் என்ற ஒரு வேலையே இல்லாமப் போகும். கட்டிக் குடுக்கிற சோற்றுக்குப் பால் கறி வேண்டாம். சுண்டல், பிரட்டல், கருவாட்டுத் தீயல் மாதிரி வறண்ட கறியா இருக்கட்டும். சோற்றைப் பத்து நிமிஷம் தட்டில் பரப்பி ஆவி போன பிறகு மூடுங்க. சூட்டோட மூடினா மூடியில் வேர்த்து, பகல் பன்னிரண்டுக்குள்ள புளிப்பு தட்டும்.

அத்தைக்கு இரண்டு விஷயம்தான். சீனிக்கு மாத்திரை போடுறவங்க என்றால் சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப் போடாதீங்க, பின்னல் முடியட்டும் என்று இருந்தா சீனி இறங்கித் தலை சுத்தும். ரொட்டி மாவில் மூணில் ஒரு பங்கு குரக்கன் மா கலக்கலாம், தண்ணி கொஞ்சம் கூடப் பிடிக்கும்.

பிள்ளைக்குச் சோற்றோட பிளேன்டி குடுக்கிற பழக்கம் இந்தப் பக்கம் நிறைய வீட்டில் இருக்கு. தேயிலையில் உள்ள துவர்ப்பு, பருப்பிலும் கீரையிலும் இருக்கிற இரும்புச் சத்தை உடம்பு எடுக்க விடாது. குடுக்கத்தான் வேணும் என்றால் சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழிச்சு. கீரைக்குத் தேசிக்காய் பிழியிறது, பிறகு ஒரு துண்டு கொய்யா குடுக்கிறது, இரண்டும் அந்தச் சத்தைக் கூட்டும்.


நானுஓயா_லீக்ஸ்

மேல சொன்னதோட ஒத்துப்போறேன், ஒரு விஷயத்தை மட்டும் இன்னும் அழுத்திச் சொல்லணும். ராத்திரி வெளியில் பத்துப் பன்னிரண்டு பாகைக் குளிர் இருந்தாலும் விறகடுப்பு எரிஞ்ச குசினி அப்படிக் குளிராது, சட்டி வச்சிருக்கிற அடுப்புக் கட்டையோ இன்னும் சூடு. தேங்காய்ப்பால் சேர்ந்த கறியும் மிஞ்சின சோறும் அதில் விடியும் வரைக்கும் இருக்கக்கூடாது. சோற்றில் வளர்கிற கிருமியின் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்துக்குள்ள, ஆழமில்லாத பாத்திரத்தில் பரப்பி ஆறவிட்டு ஃபிரிஜ்ஜுக்குப் போகட்டும். இல்லாட்டி தண்ணி ஊத்தி வைக்கிற பழைய சோற்றை நம்பாம அளவா ஆக்குங்க. நாலு பேருக்கு, அதில் ஒண்ணு சின்னப்பிள்ளை, ஒருவேளைக்கு அரிசி 350 கிராம் தாராளம்.

லீக்ஸை நீளவாக்கில் பிளந்து, இதழ் இதழா விரிச்சு ஓடுற தண்ணியில் கழுவுங்க. குறுக்கே வெட்டிட்டுக் கழுவினா மண் உள்ளேயே நிக்கும். பெரியவங்க முணுமுணுக்காமச் சாப்பிடுவாங்க, பிள்ளை ஒருதரம் மண் கடிச்சா அடுத்த மாசம் வரைக்கும் லீக்ஸைத் தொடாது.


ஒற்றைக்கொக்கி (பதுளை)

பின்னலுக்கு வருவோம். சின்னப்பிள்ளை உள்ள வீட்டில் நீங்க குரோஷேயை எடுத்தது நல்ல தெரிவு. இரண்டு ஊசிப் பின்னலில் ஒரு வரிசைக் கண்ணி முழுக்க ஊசியில் உயிரோட நிக்கும். பிள்ளை ஊசியை உருவிட்டா அத்தனையும் ஏணி ஏணியா இறங்கும். குரோஷேயில் உயிரோட நிக்கிறது ஒரே ஒரு கண்ணி. அதை மட்டும் காப்பாத்தினாப் போதும்: எழும்பும்போது கொக்கியை எடுத்துட்டு, கடைசிக் கண்ணியை ஒரு விரல் நீளம் இழுத்து, துணி காயப்போடுற கிளிப்பைக் குத்தி விடுங்க. இரண்டு செக்கன் வேலை. சட்டைப் பின் குத்துறவங்க இருக்காங்க, வேண்டாம், அது எப்ப திறந்து பிள்ளை கைக்குப் போகும் என்று தெரியாது.

சுற்று எங்க தொடங்கினது என்று தேடுறதுதான் அடுத்த நேர விரயம். வேற நிறத்தில் ஒரு துண்டு நூலைச் சுற்றின் முதல் கண்ணிக்குக் குறுக்கே போடுங்க. ஒவ்வொரு சுற்றிலும் அதை முன்னுக்குப் பின்னுக்கு மாத்திப் போட்டுக்கிட்டே வந்தா, எத்தனை சுற்று முடிஞ்சது என்றும் அதே நூல் காட்டும். எண்ணிக்கையைத் தலையில் வச்சிருக்காதீங்க.

இப்ப தொப்பி வட்டம். சுருக்கம் விழுந்தா கண்ணி கூடிப்போச்சு, குழிஞ்சா காணாது. இதுக்கு ஒரு கணக்கு இருக்கு. தட்டையான வட்டத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் எத்தனை கண்ணி கூட்டணும் என்பது கண்ணியின் உயரத்தைப் பொறுத்தது. நூல் சுத்தாமப் போடுற குட்டைக் கண்ணிக்குச் சுற்றுக்கு 6. நூலை ஒருதரம் சுத்திப் போட்டு, ஒரே இழுப்பில் முடிக்கிற அரை உயரக் கண்ணிக்கு 8. ஒருதரம் சுத்தி இரண்டு இழுப்பில் முடிக்கிற உயரக் கண்ணிக்கு 12. உயரக் கண்ணியில் தொடங்கினா 12, 24, 36, 48, 60 என்று போகும். உயரக் கண்ணிக்குரிய எண்ணிக்கையை வச்சுக்கிட்டுக் குட்டைக் கண்ணி போட்டா அலையா வரும், மாறிப் போட்டா கிண்ணமா வரும். வீடியோ பார்த்துப் பின்னுறப்ப நிறையப் பேருக்கு நடக்கிறது இதுதான். எண்ணிக்கை சரி, அப்பவும் குழியுது என்றால் கை இறுக்கம். அரை மில்லிமீற்றர் பெரிய கொக்கிக்கு மாறுங்க. ராத்திரி களைப்பில் பின்னினா கை இறுகும், பகலில் தளரும், அதனாலதான் உங்களுக்கு ஒருநாள் ஒருமாதிரி வருது. ஒரே தொப்பியின் மேல்வட்டத்தை ஒரே வேளையில் முடிக்கப் பாருங்க.

எப்ப கூட்டுறதை நிறுத்துறது? தலைச் சுற்றளவை டேப்பால் அளங்க, புருவத்துக்குச் சற்று மேலயும் காதுக்கு மேலயும் போற மாதிரி. இரண்டு மூணு வயசில் பெரும்பாலும் 48–50 செ.மீ. இருக்கும். தொப்பி இழுபடும், அதனால இரண்டு மூணு செ.மீ. குறைச்சு 47 வச்சுக்குங்க. 47-ஐ 3.14-ஆல் பிரிச்சா 15. வட்டத்தின் குறுக்களவு 15 செ.மீ. வந்ததும் கூட்டுறதை நிறுத்தி நேரா இறங்குங்க. உச்சியிலிருந்து விளிம்பு வரைக்கும் 18 செ.மீ. வேணும், வட்டத்தின் பாதி ஏழரை வந்திருக்கும், மிச்சம் பத்தரையை நேரா இறக்கணும். கடைசி நாலு சுற்று முன்னால ஒண்ணு பின்னால ஒண்ணு எடுத்து வரிவரியாப் போட்டா விளிம்பு இழுத்துப் பிடிக்கும். நடுத்தரத் தடிப்பு நூல், 4 மி.மீ. கொக்கி என்றால் 50–60 கிராம் பிடிக்கும்.

கறுப்பு, கடும் நீல நூலை ராத்திரி வேலைக்கு வைக்காதீங்க. கண்ணி கண்ணுக்குத் தெரியாது, பிழையைக் காலையில்தான் பார்ப்பீங்க. வெளிர் நிறம் ராத்திரிக்கு, இருண்ட நிறம் பகலுக்கு. பிள்ளை முழிச்சிருக்கிற நேரத்துக்கு எண்ணத் தேவையில்லாத வேலை: நேரா இறங்குற சுற்று, கழுத்துத் துண்டு, சதுரத் துண்டுகள். மேல்வட்டமும், குதிகால் திருப்புறதும், தைச்சுப் பொருத்துறதும் அவள் தூங்கின பிறகு.


ஊசிநூல்_பண்டாரவளை

யாரும் பாதுகாப்பு பக்கம் போகல்ல, அதனால நான்.

மூணு வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைக்கான பொருளில் பட்டன், மணி, ஒட்டின கண் எதுவும் வேண்டாம். டொய்லட் ரோலின் நடுக்குழாய்க்குள்ள நுழையிற எதுவும் தொண்டையில் சிக்கலாம், உங்க தையல் பெட்டியையும் அந்தக் குழாயை வச்சே ஒருதரம் சோதிச்சுப் பாருங்க. கண், மூக்கு வேணும் என்றால் நூலால் தைச்சு எடுங்க. தொப்பிக்கு நாடியில் கட்டுற கயிறு அழகுதான், ஆனா விளையாடும்போது எங்கயாவது மாட்டிக் கழுத்தை இறுக்கும். காதை மூடுற மடல் வச்சா போதும், கட்டு வேண்டாம். வாங்குறவங்க கேட்டாலும் இதைச் சொல்லிப் பாருங்க.

சொக்ஸ், கையுறை விற்கிறதால இது முக்கியம்: முடிஞ்சதும் உள்பக்கம் வெளியில் வர்ற மாதிரித் திருப்பி, விரலை உள்ளே விட்டுத் தடவுங்க. நிறம் மாத்தின இடத்தில் தொங்குற நூல் குழந்தையின் கால்விரலைச் சுத்தி இறுக்கினா இரத்த ஓட்டம் நிக்கும். பேசத் தெரியாத குழந்தை அழும், ஏன் என்று யாருக்கும் விளங்காது. ஒவ்வொரு நுனியையும் மூணு திசையில் ஓட்டித் தைச்சிட்டு வெட்டுங்க.

ராத்திரிக்குக் கழுத்தில் மாட்டுற, கிளிப் பண்ணுற சின்ன எல்.இ.டி. விளக்கு வாங்குறீங்க என்றால் சார்ஜ் பண்ணுற வகையா வாங்குங்க. காசு மாதிரித் தட்டையான பற்றறி போடுற விளக்கு பிள்ளை உள்ள வீட்டுக்கு வேண்டாம். அதை விழுங்கினா இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாயைச் சுட்டுரும். விழுங்கினதா சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காம நேரா ஆஸ்பத்திரி.

கால்மெஷின் வச்சிருந்தா வேலை முடிஞ்சதும் தோல்வாரைச் சக்கரத்திலிருந்து கழட்டி விடுங்க. பிள்ளை மிதியில் ஏறி ஆடினாலும் ஊசி அசையாது.

அவளுக்கும் ஒரு கூடை குடுங்க. மிஞ்சின நூல் உருண்டை இரண்டு மூணு (நுனியை உள்ளே சொருகி ஒரு தையல் போட்டுக் கட்டினது, ஒரு சாணுக்கு மேல நூல் தொங்கக்கூடாது), பின்னின சதுரத் துண்டு கொஞ்சம், ஒரு மர அகப்பை. நீங்க கொக்கியைத் தொடும்போது மட்டும் அந்தக் கூடை வெளியில் வரணும். எப்பவும் கிடந்தா அதுக்கு மதிப்பில்ல. குசினியில் கீரை இலை கிள்ளுறது, போஞ்சி நார் இழுக்கிறது, ரொட்டி மாவில் ஒரு உருண்டை உருட்டுறது அவளால முடியும். அடுப்பு எரியிற நேரத்தில் மட்டும் அடுப்பிலிருந்து மூணடிக்கு அந்தப் பக்கம் பாய் போட்டு, அத்தையை அந்தப் பாய்க்கும் அடுப்புக்கும் நடுவில் உட்கார வைங்க. ஓடிப் பிடிக்க ஏலாதவங்க, வழியை மறிச்சு உட்காரலாமே. சட்டிப் பிடியைச் சுவர் பக்கம் திருப்பி வைங்க.

காயவைக்கிறது தனிக் கதை. உங்க தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரைக்கும் மழையும் மூட்டமும், ஒரு ஸ்வெட்டர் காய இரண்டு நாள் பிடிக்கும். முறுக்கிப் பிழியாதீங்க. துவாயில் வச்சுச் சுருட்டி, மேல ஏறி மிதிச்சா தண்ணி துவாய்க்குப் போயிரும். பிறகு கொடியில் தொங்கவிடாம, கொழுந்துச் சல்லடை மாதிரி காற்றுப் போற தட்டில் படுக்கையாப் பரப்புங்க. தொங்கினா தன் பாரத்திலயே நீண்டிரும். அக்ரிலிக் நூலை விறகடுப்புக்கு மேல உள்ள பரணில் போடவே கூடாது. சூட்டில் இளகி நெகிழ்ந்து தொளதொளத்துப் போகும், திரும்பி வராது. புகை வாடையும் ஏறும்.


மூடுபனி

எல்லாருக்கும் நன்றி. குட்டைக் கண்ணிக்கு 12 கூட்டிக்கிட்டு இருந்திருக்கேன், அதுதான் அலை. மூணு விஷயம் பாக்கி. ஒண்ணு, ஓடரை எவ்வளவு எடுக்கிறது என்று கணக்குத் தெரியல்ல, இல்லை என்று சொல்லவும் மனசு வராது. இரண்டு, முடிச்சு வச்ச தொப்பியில் ஏற்கனவே புகை வாடை இருக்கு. மூணு, தோசை மா!


ஒற்றைக்கொக்கி (பதுளை)

பழகின கைக்குப் பிள்ளைத் தொப்பி ஒண்ணு மூணு மணித்தியாலம். நாளுக்கு உருப்படியா 40 நிமிஷம் கிடைக்கும் என்று வச்சுக்கிட்டா வாரத்துக்கு 280 நிமிஷம், அதாவது ஒன்றரைத் தொப்பி. நுனி மறைச்சுத் தைக்க அரை மணித்தியாலம், கழுவிக் காய இரண்டு நாள். ஆக வாரத்துக்கு ஒரு தொப்பி, அதுக்கு மேல வாயே திறக்காதீங்க. தவணை கேட்டா பத்து நாள் என்று சொல்லுங்க. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா மூணு நாள் போயிரும், அதுக்குத்தான் இந்த இடைவெளி. மனசு வராதவங்களுக்கு ஒரு வழி: இல்லை என்று சொல்லாம, வர்ற திகதியைச் சொல்லுங்க. அவசரம் உள்ளவங்க தாங்களாவே வேற இடம் பார்ப்பாங்க.

நூலுக்குரிய காசை முன்பணமா வாங்குங்க. ஒரு ஓடருக்கு வேண்டிய உருண்டை எல்லாத்தையும் ஒரேயடியா வாங்கி, சுற்றியிருக்கிற தாளில் சாய லொட் இலக்கம் ஒண்ணா என்று பாருங்க. இலக்கம் மாறினா கடை வெளிச்சத்தில் ஒரே நிறமாத் தெரியும், வெயிலில் போட்டா தோள்பட்டையில் கோடு விழுந்த மாதிரி இருக்கும்.


ஊசிநூல்_பண்டாரவளை

புகை வாடைக்கு: ஒரு வாளி (அஞ்சு லீற்றர்) பச்சைத் தண்ணியில் வினாகிரி கால் கப், அரை மணித்தியாலம் ஊறட்டும். பிறகு கொஞ்சம் ஷாம்பு போட்டு அலசி, நல்ல தண்ணியில் இரண்டுதரம். அசல் கம்பளியா இருந்தா சுடுதண்ணியும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம், சுருங்கித் தடிச்சிரும். முழுசாக் காயாமப் பொலித்தீனில் போட்டுக் கட்டினா பூஞ்சணம் பிடிக்கும். தொட்டா குளிர்ச்சி தெரிஞ்சா இன்னும் ஈரம் இருக்கு என்று அர்த்தம், கன்னத்தில் வச்சுப் பாருங்க, கையை விட அதுக்கு நல்லாத் தெரியும். வெள்ளைத் தாளில் சுத்தி வைங்க. பேப்பரில் சுத்தினா வெளிர் நிறத்தில் மை ஏறும்.


குசினிக்கணக்கு (ஹட்டன்)

தோசை மா. உளுந்து ஒரு கப், பச்சையரிசி இரண்டு கப், வெந்தயம் ஒரு தேக்கரண்டி, அரைக்கும்போது ஒரு கைப்பிடி சோறு. வெதுவெதுப்பான தண்ணி விட்டு அரைங்க. குளிர்ந்த தண்ணியில் அரைச்ச மா சூடேறவே நாலு மணித்தியாலம் போயிரும். உப்பைப் பொங்கின பிறகு போடுங்க, நம்ம குளிருக்கு உப்பு இன்னும் தாமதப்படுத்தும். கையால ஒரு நிமிஷம் நல்லாக் கலக்கிப் பாதிப் பாத்திரம் மட்டும் நிரப்புங்க.

மா பொங்கத் தோதான சூடு 28–32 பாகை. மீன் வர்ற ரெஜிபோம் பெட்டி கடையில் கிடைக்கும், நல்லாக் கழுவி வெயிலில் வச்சு எடுங்க. மாப் பாத்திரத்தை நடுவில் வச்சு, இரண்டு பக்கமும் கை பொறுக்கிற சூட்டுத் தண்ணி ஊத்தின ஒரு லீற்றர் போத்தல் ஒவ்வொண்ணு, மேல பழைய ஸ்வெட்டர் ஒண்ணைப் போட்டு மூடி. ராத்திரி எட்டுக்கு வச்சா, படுக்கப் போகும்போது தண்ணியை ஒருதரம் மாத்துங்க, விடிய ஆறுக்கு எழும்பியிருக்கும். பெட்டி இல்லாம வெளியில் வச்சா ஒரு முழு நாள் பிடிக்கும், அப்பவும் பொங்காமப் புளிக்க மட்டும் செய்யலாம். ரைஸ் குக்கரில் வச்சுச் சூடாக்கும் பட்டனை அழுத்துறவங்க இருக்காங்க. அந்தச் சூட்டில் புளிக்க வைக்கிற கிருமியே செத்துரும், அடியில் களியாகவும் இறுகிரும். அணைஞ்ச விறகடுப்பு ஓரமும் சரிவராது, ஒரு பக்கம் வெந்து மறுபக்கம் பச்சையா நிக்கும்.

பொங்கின மா ஃபிரிஜ்ஜில் மூணு நாள். மூணாம் நாள் புளிப்பு கூடியிருக்கும், அதில் வெட்டின லீக்ஸும் கரட் துருவலும் போட்டு ஊத்தப்பம் ஊத்துங்க. நானுஓயாக்காரர் சொன்ன மாதிரி கழுவின லீக்ஸா இருக்கட்டும்.